நாளைக்கும் செய்யத் தோன்றும் உடற்பயிற்சி: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

ஜனவரி முதல் வாரத்தில் எந்த ஊர்ப் பூங்காவுக்குப் போனாலும் புது ஷூக்கள் வரிசையாகத் தெரியும். பொங்கல் விடுமுறை முடிந்து போய்ப் பார்த்தால் பழைய முகங்கள்தான் சுற்றிக்கொண்டிருக்கும். வராமல் நின்றவர்கள் சோம்பேறிகள் அல்ல. பிடிக்காத ஒன்றைக் கஷாயம் மாதிரி மூக்கைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார்கள், இரண்டு வாரம்தான் தாங்கியது. ஆகவே ‘எந்தப் பயிற்சி சிறந்தது’ என்ற கேள்வியைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். ‘இன்று செய்ததை நாளைக்கும் செய்யத் தோன்றுகிறதா’ என்று கேட்டுப் பாருங்கள். கீழே சொல்லியிருப்பதெல்லாம் அந்தக் கேள்விக்கு விடை தேடும் வழிகள்தான்.

எவ்வளவு செய்தால் போதும்

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும். கடுமையாக உழைப்பதென்றால் 75 முதல் 150 நிமிடம் போதும். இதோடு வாரத்தில் 2 நாளாவது தசைகளுக்குப் பலம் சேர்க்கும் வேலை இருக்க வேண்டும். 150 நிமிடத்தை 7 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 22 நிமிடத்துக்கும் குறைவு. அதற்கு முந்தைய வழிகாட்டுதலில், ஒரே மூச்சில் 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று இருந்தது. 2020-இல் அதை நீக்கிவிட்டார்கள். பஸ்ஸைப் பிடிக்க வேகமாக நடந்த 4 நிமிடமும் இப்போது கணக்கில் சேரும்.

மிதமானதா கடுமையானதா என்று அறியக் கருவி தேவையில்லை. செய்துகொண்டே பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் மிதம். நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்க வேண்டியிருந்தால் கடுமை. பாட்டே பாட முடிகிறது என்றால் அது உலாவல். அதுவும் நல்லதுதான், ஆனால் இந்த 150-இல் சேராது.

ஒரு நாளைக்கு 10,000 அடி நடந்தே ஆக வேண்டும் என்று பயப்படுபவர்கள் நிறைய. 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்கு அடுத்த ஆண்டு ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவிய எண் அது. ‘மான்போ கெய்’ என்றால் பத்தாயிரம் அடி அளவி. மருத்துவ ஆய்வில் கண்டறிந்த எல்லைக்கோடு அல்ல. 6,000 அடியில் நின்றால் வீண் என்று நினைத்து ஃபோனைப் பார்த்து மனம் தளர வேண்டாம்.

முதல் வாரம்: எதையும் தொடங்காதீர்கள்

முதல் 7 நாள் பயிற்சி வேண்டாம். பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாள் கட்டத்திலும் மூன்று விஷயம் குறியுங்கள். உடம்பு தானாக எப்போது அசைந்தது? (மாடிப்படி, கடை, பள்ளிக்கூட வாசல், துணி காயப்போட மொட்டைமாடி.) எந்த நேரத்தில் 15 நிமிடம் சும்மா போனது? எந்த நேரத்தில் உடம்பில் கொஞ்சம் தெம்பு இருந்தது? காலை 5 மணிக்கு எழுந்து நடப்பவரைப் பார்த்து நீங்களும் அலாரம் வைப்பதுதான் பலர் தவறும் முதல் இடம். இரவு 12 மணிக்குப் படுப்பவருக்கு 5 மணி அலாரம் தூக்கத்தைத் திருடும். தூக்கம் போனால் அந்த வாரக் கடைசியில் நடையும் போய்விடும்.

அந்த வாரத்துக்குள் இன்னொன்றையும் யோசியுங்கள். 12 வயதில் பள்ளிக்கூடம் விட்டதும் எதற்கு ஓடினீர்கள்? பந்தா, சைக்கிளா, கயிறு தாண்டுவதா, கிணற்றில் குதிப்பதா, கோயில் திருவிழாவில் ஆடுவதா? நாலு பேரோடு கத்திக்கொண்டு விளையாடியது பிடித்ததா, தனியாகச் சைக்கிளில் ஆற்றங்கரை வரை போனது பிடித்ததா? இந்தப் பதில் 40 வயதிலும் பெரும்பாலும் மாறியிருக்காது. கூட்டம் பிடித்தவரை ட்ரெட்மில்லில் தனியாக நிறுத்துவதும், தனிமை பிடித்தவரை 30 பேர் வாட்ஸ்ஆப் குழுவில் சேர்ப்பதும் ஒரே மாதிரி தோற்கும்.

இரண்டாம், மூன்றாம் வாரங்களில் கீழே உள்ளவற்றில் 3 வகையை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றையும் 3 தடவை செய்து பாருங்கள். ஒரு தடவை போதாது. முதல் நாள் எதுவும் கஷ்டமாகத்தான் இருக்கும், மூன்றாம் நாள்தான் உண்மையான ருசி தெரியும். முடித்த பத்தாவது நிமிடம் மனம் எப்படி இருக்கிறது என்று காலண்டரில் ஒரு சொல் எழுதுங்கள். செய்யும்போது வரும் எண்ணத்தை விட அந்தச் சொல்லைத்தான் நம்ப வேண்டும்.

நடை

செலவில்லாதது, எளிதானது. ஆனால் வெறுமனே சுற்றி வருவதில் சலிப்பும் சீக்கிரம் வரும். வேகத்தை அறிய 15 விநாடியில் எத்தனை அடி வைக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். 25 அடிக்குக் குறையாமல் இருந்தால், அதாவது நிமிடத்துக்கு 100 அடி, அது பெரும்பாலானவர்களுக்கு மிதமான உழைப்பு. அப்படி 30 நிமிடம் நடந்தால் 3,000 அடி, சுமார் 2 கிலோமீட்டர்.

நடக்கத் தொடங்கும் முதல் வாரம் வீட்டு வாசலிலிருந்து 5 நிமிடம் போய் 5 நிமிடம் திரும்புங்கள், அவ்வளவுதான். வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டினால் ஐந்தாம் வாரம் 30 நிமிடம் வந்துவிடும். ‘இன்னும் கொஞ்சம் நடக்கலாமே’ என்று தோன்றும்போதே திரும்புவது முக்கியம். அந்த மிச்ச ஆசைதான் மறுநாள் செருப்பை மாட்ட வைக்கிறது.

சலிப்புக்கு மருந்து, நடைக்கு ஒரு வேலையைக் கொடுப்பது. வாரத்துக்கு மொத்தமாக வாங்கும் கீரையை அன்றன்றைக்கு நடந்து போய் வாங்குங்கள். ஒரு நிறுத்தம் முன்னால் பஸ்ஸிலிருந்து இறங்குங்கள். நூலகம், பூக்கடை, கோயில் என்று திரும்பும் இடம் ஒன்று இருக்கட்டும். துணைக்கு ஆள் சேர்ப்பதென்றால் உங்கள் வேகத்துக்குச் சமமானவரைச் சேருங்கள். வேகமானவரோடு போனால் முழங்கால் கெடும், மெதுவானவரோடு போனால் அது அரட்டைக் கச்சேரி ஆகும். காதில் பாட்டு கேட்பதானால் ஒரு காதில் மட்டும். நடைபாதை இல்லாத சாலையில் வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டி தெரியும்படி நடங்கள். இருட்டில் கறுப்பு, கருநீலச் சட்டை வேண்டாம். தெருநாய் குரைத்தால் ஓடாதீர்கள். ஓடினால் துரத்தும். நின்று, கண்ணுக்குக் கண் பார்க்காமல், மெதுவாக விலகுங்கள்.

ஒரு பெரிய நடையைக் குறிக்கோளாக வைத்துக்கொண்டால் தினசரி நடைக்கு ஓர் அர்த்தம் வரும். 2023 நவம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் பாதை ஒன்றைக் குறித்திருக்கிறார்கள். திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். நிதானமாக நடந்தால் 4 மணி நேரம் ஆகும். இப்போது 3 கிலோமீட்டர் நடக்க முடிகிறவர், வாரத்தில் ஒரு நாளை மட்டும் நீண்ட நடைக்கு ஒதுக்கி, அதில் வாரம் 1 கிலோமீட்டர் கூட்டிக்கொண்டே போனால் 11 வாரத்தில் 14-ஐத் தொடலாம். வெறுங்காலுடன் கிரிவலம் போக நினைப்பவர்கள் கடைசி 4 வாரம் மொட்டைமாடியில் 10, 15, 20 நிமிடம் என்று வெறுங்காலில் நடந்து பாதத்தைப் பழக்க வேண்டும். இல்லாவிட்டால் பாதி வழியிலேயே உள்ளங்காலில் கொப்புளம் கிளம்பும். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலில் போகவே கூடாது. கல் குத்தியதுகூடத் தெரியாமல் புண்ணாகிவிடும்.

வெளியே போக வழியில்லாதவர்களுக்கு மொட்டைமாடியில் எட்டு போட்டு நடப்பது வசதி. 16 அடி நீளம், 8 அடி அகலம் இருந்தால் போதும். சாக்பீஸால் எட்டை வரைந்து அதன்மேல் நடக்க வேண்டும். சின்ன இடத்தில் ஒரே திசையில் வட்டமாகச் சுற்றினால் தலை சுற்றும், ஒரு பக்க முழங்காலுக்கே பாரம் போகும். எட்டில் இடமும் வலமும் மாறி மாறித் திரும்புவதால் அந்தத் தொல்லை குறைகிறது. எட்டு போட்டால் இன்ன இன்ன நோயெல்லாம் தீரும் என்று சொல்பவர்களை நம்பி மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

நடப்பவர்களுக்கு முதல் மாதத்தில் வரும் தொல்லை குதிகால் வலி. காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடியில் சுரீர் என்று குத்தும், நாலு அடி நடந்ததும் குறையும். தூரத்தைத் திடீரென்று கூட்டியதும், தேய்ந்த செருப்பும், வீட்டில் நாள் முழுக்க டைல்ஸ் தரையில் வெறுங்காலில் நிற்பதும் சேர்ந்துதான் இதைக் கொண்டுவருகின்றன. தூரத்தைப் பாதியாக்குங்கள். வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்புப் போடுங்கள். சுவரில் இரண்டு கையையும் ஊன்றி, வலிக்கும் காலைப் பின்னால் நீட்டி, குதிகால் தரையை விட்டு எழாமல் 30 விநாடி சாய்ந்து நில்லுங்கள். 3 தடவை, காலையும் மாலையும். குணமாகச் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள் ஆகும், பொறுமை வேண்டும். ஷூ வாங்குவதை மாலையில் வைத்துக்கொள்ளுங்கள், அப்போது பாதம் சற்று வீங்கியிருக்கும். நீண்ட விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும்.

படி

ஒரு மாடிக்குச் சுமார் 20 படி. பழனி மலைக்கு 693 படி என்று கணக்கு. அப்படியானால் கிட்டத்தட்ட 35 மாடி. அலுவலகத்தில் ஒரு நாளைக்கு 3 மாடியை 4 தடவை ஏறுபவர் மூன்றே நாளில் ஒரு பழனியை ஏறிவிடுகிறார். இப்படிக் கணக்கு வைத்துக்கொண்டு குழந்தைகளோடு போட்டி போடலாம்.

முன்பாதத்தால் மட்டும் தொற்றாமல் முழுப் பாதத்தையும் படியில் வையுங்கள், முழங்கால் உள்பக்கம் சாயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏறும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும், ஆனால் மறுநாள் தொடை வலிப்பதற்குக் காரணம் இறங்கியது. இறங்கும்போது தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. அதில்தான் நுண்ணிய சிதைவு அதிகம். அந்த வலி ஒரு நாளுக்குள் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்துக்குள் தணிந்துவிடும். பயப்பட ஒன்றுமில்லை. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் ஏறுவது மட்டும் படியில், இறங்குவது லிஃப்டில் என்று வைத்துக்கொள்ளலாம்.

மூலையில் நிற்கும் சைக்கிள்

பதினொன்றாம் வகுப்பில் பிள்ளைக்கு அரசு கொடுத்த சைக்கிள் எத்தனையோ வீடுகளில் மாடிப்படிக்கு அடியில் தூசி படிந்து நிற்கிறது. புதிதாக வாங்குவதற்கு முன் அதைக் கடைக்கு உருட்டிப் போங்கள். டயர் பக்கவாட்டில் வெடிப்பு இருந்தால் டயரும் டியூபும் மாற்ற வேண்டும். பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். சங்கிலியை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து எண்ணெய் விட்டு, மிஞ்சிய எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும். துடைக்காவிட்டால் அதிலேயே மண் ஒட்டிப் பல்சக்கரத்தைத் தின்னும். காற்று குறைந்த சைக்கிளை மிதிப்பது சேற்றில் நடப்பது போல. ‘சைக்கிள் நமக்கு ஒத்து வரவில்லை’ என்று விட்டவர்களில் பலருக்கு உண்மையில் ஒத்து வராதது காற்றில்லாத டயர்தான்.

அடுத்தது இருக்கையின் உயரம். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தை வைத்து மிதித்தால் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். அதுதான் சரி. உட்கார்ந்தபடி இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் படிகிறது என்றால் இருக்கை தாழ்ந்திருக்கிறது. புதிதாக ஓட்டுபவர்கள் பயத்தில் அப்படித்தான் வைத்துக்கொள்கிறார்கள், ஒரே வாரத்தில் முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது. முழங்காலுக்குப் பின்னால் வலித்தால் இருக்கை உயரம் அதிகம். உள்ளங்கை மரத்துப்போனால் உடம்பின் பாரத்தை ஹேண்டில்பாரில் போடுகிறீர்கள் என்று அர்த்தம்.

3 கிலோமீட்டருக்குள் உள்ள வேலைகளுக்கு மட்டும் இரண்டு வாரம் ஸ்கூட்டரைத் தொடாமல் இருந்து பாருங்கள். போக 12 நிமிடம், வர 12 நிமிடம் என்றால் அன்றைய கணக்கு தீர்ந்தது. கியர் உள்ள சைக்கிளானால் கனமான கியரில் அழுத்தி மிதிக்காமல், இலகுவான கியரில் கால் வேகமாகச் சுற்றும்படி ஓட்டுங்கள். பின்னால் சிவப்பு விளக்கு அவசியம்.

பந்தும் மட்டையும்

விளையாட்டில் உடற்பயிற்சி செய்கிறோம் என்ற நினைப்பே வராது. அதனால்தான் பிடித்துப்போனவர்கள் 60 வயது தாண்டியும் விடுவதில்லை. தெருவில் இரண்டு கம்பத்துக்கு நடுவே கயிறு கட்டி ஷட்டில் ஆடுவது எளிய தொடக்கம். ஆனால் இறகு ஷட்டில்காக்கை வெளியில் எடுத்து வராதீர்கள். 16 இறகு சேர்ந்து 5 கிராம் அளவுதான், சிறு காற்றும் தள்ளிவிடும், நாலு அடியில் இறகும் முறியும். நைலான் ஷட்டில் வாங்குங்கள். அதன் தலையைச் சுற்றியுள்ள பட்டையின் நிறம் வேகத்தைக் காட்டும்: பச்சை மெதுவானது, நீலம் நடுத்தரம், சிவப்பு வேகம். வெப்பமான காற்றில் ஷட்டில் வேகமாகப் பறக்கும் என்பதால் நம் ஊர்க் கோடைக்குப் பச்சை நல்லது. மட்டையில் நரம்பின் இழுவை 20 முதல் 22 பவுண்ட் இருந்தால் போதும். அதிக இழுவை கை தேர்ந்தவருக்கு. புதியவருக்குப் பந்து எழும்பாது, முழங்கைதான் வலிக்கும்.

வெளியில் ஆடவே பிறந்தது பூப்பந்து. தஞ்சாவூரில் உருவான ஆட்டம். 27, 28 கிராம் எடையுள்ள மஞ்சள் கம்பளி நூல் பந்து என்பதால் காற்றுக்குப் பெரிதாக அசையாது. 24 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகல மண் களத்தில் பக்கத்துக்கு 5 பேர். ஒருவர் தடுமாறினாலும் மற்ற நால்வர் தாங்கிக்கொள்வதால் புதியவர்களுக்கு இதைவிடக் கனிவான ஆட்டம் குறைவு. சிறு நகரங்களில் மாலை 5 மணிக்கு மேல் பள்ளி மைதானங்களிலோ சங்கத் திடல்களிலோ இன்னும் ஆடுகிறார்கள். ஓரமாக இரண்டு நாள் நின்று பார்த்தால் ஆள் குறைந்த ஒரு நாள் அவர்களே கூப்பிடுவார்கள். இந்த ஆட்டம் இளைஞர்கள் கைக்குப் போகாமல் வயதானவர்களோடு நின்றுவிடக் கூடாது என்ற ஆசையில்தான் இதைத் தனியாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

40 வயதுக்கு மேல் பல வருடம் கழித்து மட்டை எடுப்பவர்களுக்கு ஒரு கண்டிப்பான சொல். கெண்டைக்கால் சதையும் குதிகால் தசைநாரும் அறுந்துபோவது பெரும்பாலும் இவர்களுக்குத்தான். மனசுக்குப் பழைய வேகம் நினைவிருக்கும், நாருக்கு இருக்காது. ஆடுவதற்கு முன் 5 நிமிடம் நடந்து, 2 நிமிடம் மெல்ல ஓடி, 20 தடவை குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். முதல் மாதம் இரட்டையர் ஆட்டம் மட்டும், அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள், 30 நிமிடம். ஓடுவதற்கான தடித்த அடியுள்ள ஷூவில் பக்கவாட்டில் பாய்ந்தால் கணுக்கால் புரளும். தட்டையான ரப்பர் அடியுள்ள ஷூதான் வேண்டும். பின்னால் கெண்டையில் யாரோ உதைத்தது போல ‘பட்’ என்று கேட்டால் அதோடு ஆட்டத்தை நிறுத்தி, அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

தோப்புக்கரணமும் தண்டாலும்

தசைக்குப் பலம் என்றதும் இரும்புக் குண்டுகளை நினைக்க வேண்டாம். பிள்ளையார் முன்னால் போடும் தோப்புக்கரணம் தொடைக்கும் இடுப்புக்கும் முழுமையான வேலை. பாதங்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, பின்னால் முக்காலி இருப்பதாக நினைத்து இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி இறங்குங்கள். குதிகால் தூக்கக் கூடாது. முழுதாக இறங்க முடியாதவர்கள் உண்மையாகவே ஒரு நாற்காலியைப் போட்டு, அதில் பட்டும் படாமல் உட்கார்ந்து எழலாம். 5 தடவை, ஒரு நிமிட ஓய்வு, மறுபடி 5. வாரத்தில் 2 நாள். சுலபமாகத் தெரிந்தால் 8, பிறகு 12.

தண்டாலைத் தரையில் தொடங்குவதுதான் தப்பு. முதலில் சுவரில் கை ஊன்றி 10. அது எளிதானதும் சமையல் மேடை விளிம்பில் 10. பிறகு உறுதியான பெஞ்ச். கடைசியில்தான் தரை. ஒவ்வொரு கட்டத்துக்கும் 3 வாரம் ஆகலாம். இடுப்பு தொய்ந்தால் கணக்கு நிறுத்தம்.

கயிறு தாண்டுவது பிடிக்குமென்றால், கயிற்றின் நடுவில் ஒரு காலால் மிதித்து இரண்டு பிடியையும் மேலே இழுங்கள். அக்குள் வரை வந்தால் அளவு சரி. 20 விநாடி தாண்டி 40 விநாடி நிற்க வேண்டும், மொத்தம் 6 தடவை. தரையிலிருந்து ஓர் அங்குலம் எழும்பினால் போதும். சிமென்ட் தரையில் வெறுங்காலில் வேண்டவே வேண்டாம்.

வீட்டு வேலை கணக்கில் வருமா

பெருக்குவது, குனிந்து துடைப்பது, துணி அலசுவது எல்லாம் உடம்பை அசைக்கும் வேலைகள்தான், வேகமாகச் செய்தால் மிதமான உழைப்பில் சேரும். 20 லிட்டர் தண்ணீர் கேன் என்றால் 20 கிலோ. கேனை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்கினால் அது பயிற்சி. கையை நீட்டி எட்டித் தூக்கினால் இடுப்புப் பிடிப்பு. வாசல் கோலத்தையும் இப்படியே, இடுப்பை மட்டும் வளைக்காமல் ஒரு காலை முன்னால் வைத்து முழங்காலை மடக்கிப் போடலாம்.

இத்தனையும் உண்மை என்றாலும், ‘வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே’ என்று வீட்டுப் பெண்களிடம் சொல்லி முடித்துவிடுவது நியாயமில்லை. நாள் முழுக்க நின்று களைத்தவருக்குத் தேவை இன்னொரு வேலை இல்லை, தனக்கென்று ஓர் அரை மணி. கொங்கு நாட்டு ஊர்களில் மாலையில் நடக்கும் வள்ளி கும்மிப் பயிற்சியைப் பார்த்தால் இது புரியும். ஒரு மாதத்துக்கு மேல் தினம் கூடிப் பழகி, கடைசியில் ஊர் முன்னால் அரங்கேற்றம். அரங்கேற்றம் என்று ஒரு நாள் குறித்துவிட்டதால் யாரும் பாதியில் நிற்பதில்லை.

அப்படி ஏற்பாடு இல்லாத ஊரில் 6 பேர் சேர்ந்தால் போதும். அடுக்குமாடியின் மொட்டைமாடியோ கோயில் மண்டபமோ கிடைத்தால் வட்டமாக நின்று தெரிந்த கும்மிப் பாட்டை எடுங்கள். முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தி, குனியும்போது இடுப்பிலிருந்து குனிந்து, நிமிர்ந்து தட்டுங்கள். 3 நிமிடப் பாட்டு 5, இடையிடையே ஒரு நிமிட ஓய்வு. இருபது நிமிடத்தில் சேலை முந்தானை நனைந்துவிடும். பாட்டும் கும்மியும் சேர்ந்து வரவில்லை, மூச்சு வாங்குகிறது என்றால் இருவர் மட்டும் பாடி, மற்றவர்கள் கும்மி அடிக்கலாம்.

வெயில், மழை, மாத்திரை

கத்திரி வெயில் நாட்களில் காலை 7 மணிக்கு முன்னால் அல்லது மாலை 6-க்குப் பின்னால்தான் வெளிப் பயிற்சி. சென்னை போன்ற கடலோர ஊர்களில் வியர்வை உலராததால் சூடு வெளியேறாது. வழக்கமான வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். அரை மணிக்கு மேல் வியர்த்தால் உப்புப் போட்ட நீர்மோர் நல்லது. தலை கிறுகிறுத்து, குமட்டி, வியர்வை நின்றுபோனால் உடனே நிழலுக்குப் போய் உடம்பை நனைத்து 108-ஐ அழையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை பலருடைய பழக்கத்தை அடித்துக்கொண்டு போகும். அதற்கு முன்பே படி, தோப்புக்கரணம், கும்மி என்று கூரைக்கடியில் செய்யும் ஒன்றைப் பழகி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்சுலின் போடுபவர்களும், சர்க்கரையைத் தாழ்த்தும் சில மாத்திரைகளை எடுப்பவர்களும் வெறும் வயிற்றில் நீண்ட நேரம் நடக்கக் கூடாது. சட்டைப்பையில் குளுக்கோஸ் வைத்திருங்கள். கை நடுங்கி, குளிர்ந்த வியர்வை வந்தால் 3 தேக்கரண்டி குளுக்கோஸ் அல்லது சர்க்கரையை நீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் உட்கார்ந்து மறுபடி பாருங்கள். இவர்களுக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 10, 15 நிமிடம் மெல்ல நடப்பது, உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரையைத் தணிக்க நல்ல வழி. நடக்கும்போது நெஞ்சு இறுகினாலோ, வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, ‘வாயுப் பிடிப்பு’ என்று தள்ளிப்போடாதீர்கள். அங்கேயே உட்கார்ந்து 108-ஐ அழையுங்கள். ஏற்கெனவே இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், கர்ப்பம் என்றால் தொடங்குவதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

விட்டுப்போன நாட்கள்

கல்யாணம், தேர்வு, காய்ச்சல் என்று எதற்காகவாவது விட்டுப்போகும். அதற்காக முன்கூட்டியே ஒரு மிகச் சிறிய அளவை வைத்துக்கொள்ளுங்கள்: 5 நிமிட நடை அல்லது 5 தோப்புக்கரணம். அது செய்தாலும் காலண்டரில் அன்றைக்கு ஒரு கோடு போடலாம். ஒரு வாரம் விட்டிருந்தால் பழைய அளவில் பாதியிலிருந்து தொடருங்கள். ஒரு மாதம் விட்டிருந்தால் முதல் வார அளவுக்கே போய்விடுங்கள். முன்பு 5 வாரத்தில் வந்த இடத்துக்கு இந்தத் தடவை 2, 3 வாரத்தில் வந்துவிடுவீர்கள்.

காய்ச்சல் விட்ட மறுநாளே மைதானத்துக்குப் போக வேண்டாம். பசி திரும்பி, படி ஏறினால் படபடப்பு வராமல் இருக்கும் வரை பொறுத்து, வாசலிலிருந்து 5 நிமிடம் போய் 5 நிமிடம் திரும்புங்கள். சிக்குன்குனியா மாதிரி மூட்டைப் பிடிக்கும் காய்ச்சலானால் வீக்கம் வடியும் வரை கயிறும் ஷட்டிலும் கூடாது. காலையில் மூட்டு விறைப்பாக இருக்கும் நேரத்தைத் தவிர்த்து, மாலையில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குள்ளேயே மெதுவாக நடக்கலாம்.